ஞாயிறு காணிக்கையும் திங்கள் சம்பளமும்



சென்ற மாதம் எமது வானொலியில் கிறிஸ்தவ வாழ்வில் நீதி என்பது பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "அண்ணை, அருட்பணி, நீதி எண்டெல்லாம் சொல்லுறியள். போதகர்மாருக்கு அது சரி. காலமை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுற எனக்கு அதில என்ன வேலை?" என்று கேட்டார். செய்தி நேரம் நெருங்கிவிட்டதால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுத்தில் தருகிறேன். நான் இறையியல் படித்தவன் அல்ல. வர்த்தகப் பட்டதாரி, லண்டனில் கணக்காளராகத் தொழில் பார்ப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த சம்பளப் புத்தகத்தை வைத்துக்கொண்டே சொல்கிறேன். சைவ நேயர்களும் தாராளமாக வாசிக்கலாம். பேஸ்லிப்பில் சமயம் எழுதியிருப்பதில்லை.

அருட்பணி என்பது எது?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எமக்கு 'மிஷன்' என்றதும் நினைவுக்கு வருவது 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலையும், மானிப்பாய் ஆஸ்பத்திரியும்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் எமது பிள்ளைகளுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். இதனால் அருட்பணி என்றால் எங்கிருந்தோ ஒருவர் வந்து உதவி செய்வது என்று மனதில் பதிந்துவிட்டது. புலம்பெயர்ந்த பின்னர் நாம் இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவதையும் அதனோடு சேர்த்துக்கொண்டோம். இரண்டும் நல்ல காரியங்களே.

ஆனால் திருச்சபைகள் இதை இன்னும் விரிவாகப் பார்க்கின்றன. உலக அங்கிலிக்கன் திருச்சபையின் ஆலோசனை மன்றம் 1984இல் அருட்பணிக்கு நான்கு அடையாளங்களை வகுத்தது. நற்செய்தியை அறிவித்தல், புதிய விசுவாசிகளுக்குப் போதித்து வளர்த்தல், தேவைப்படுவோருக்கு அன்போடு உதவுதல் என்பன முதல் மூன்று. சமுதாயத்தின் அநீதியான அமைப்புக்களை மாற்ற முயலுதல் நான்காவது. 1990இல் படைப்பைப் பேணுதல் என்ற ஐந்தாவதும் சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கும் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1891இல், பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றிய தமது சுற்றுமடலில் நியாயமான கூலியை வலியுறுத்தினார். 2025இல் பதவியேற்ற பாப்பரசர் லியோ என்ற பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகக் கூறினார்.

அந்த நான்காவது அடையாளத்தில்தான் கடைக்காரருக்கும் கணக்காளருக்கும் வேலை வருகிறது.

கூலி பற்றி வேதம்

வேதாகமத்தில் கூலி பற்றிய கட்டளைகள் மிகவும் வெளிப்படையானவை. கூலியாளின் சம்பளம் விடியும்வரை முதலாளியிடம் தங்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். உபாகமம் 24ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அவர் உங்கள் சொந்த இனத்தவராக இருந்தாலும் சரி, வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியவராக இருந்தாலும் சரி, பொழுதுபடுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அவருடைய சீவியம் அதை நம்பியே இருக்கிறது. அகதிகளாக வந்த நாம் இந்த இடத்தைக் கடந்து போகவே முடியாது. பிடித்து வைத்த கூலி தானே கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. அதற்குப் பல ஆன்மீக விளக்கங்கள் உண்டு. கணக்காளனான எனக்குப் படுவது இது: ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிட எவ்வளவு வேண்டும் என்று அந்தத் தோட்டக்காரர் யோசித்திருக்கிறார்.

நான் எழுதிய புத்தகம்

இனி என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். இதை நான் வானொலியில் சொன்னதில்லை.

1997இல் நான் இந்த நாட்டுக்குப் புதியவன். பகலில் ஒரு அலுவலகத்தில் உதவியாளன். இரவில் எம்மவர் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். அவற்றில் ஒரு கடையில் வடமராட்சியைச் சேர்ந்த ஒருவர் வாரத்துக்கு அறுபது மணித்தியாலத்துக்குக் குறையாமல் நின்றார். புத்தகத்தில் அவருக்குச் சில மணித்தியாலங்களே எழுதப்பட்டன. நஷனல் இன்ஷூரன்ஸ் தொடங்கும் எல்லைக்குக் கீழே தொகை நிற்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். மிச்சம் கையில் காசு. எழுதியவன் நான். மூன்று வருடம் எழுதினேன்.

முதலாளி கெட்டவர் அல்ல. அவரும் அகதியாக வந்தவர்தான். தலைக்கு மேல் கடன். கோவிலுக்குத் தவறாமல் காணிக்கை கொடுப்பவர். வேலை செய்தவருக்கும் அப்போது சந்தோஷம். வரி பிடிபடவில்லை, ஊருக்கு அனுப்பக் காசு கூடக் கிடைத்தது. எல்லோருக்கும் நன்மை என்றே நானும் நினைத்தேன்.

2019இல் அவர் என்னைத் தேடி வந்தார். கையில் அரச ஓய்வூதிய மதிப்பீட்டுக் கடிதம். இந்த நாட்டில் புதிய அரச ஓய்வூதியம் ஏதாவது கிடைக்கக் குறைந்தது 10 ஆண்டுகள் நஷனல் இன்ஷூரன்ஸ் பதிவு வேண்டும். முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுகள். அந்தக் கடையில் அவர் உழைத்த ஆண்டுகளுக்கு நேரே வெறுமையாக இருந்தது. பின்னர் பணம் கட்டி நிரப்பக்கூடிய காலமும் அந்த ஆண்டுகளுக்குக் கடந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, எனக்கு அப்ப இது ஒண்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியும். அதுதான் உண்மை.

எரிகோ ஊரில் வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். கணக்குத் தொழில் செய்பவர்கள் அந்தக் கதையை அடிக்கடி வாசிக்க வேண்டும். அந்த மூன்று வருடத்துக்கு நான் கடையில் வாங்கிய கட்டணத்தைக் கூட்டிப் பார்த்து, அந்தப் பணத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "மகன் ஒரு வெயர்ஹவுஸில வேலை செய்யிறான். அவன்ர பேஸ்லிப்பை ஒருக்கால் பாத்துத் தாங்கோ" என்றார். பார்த்தேன். மகனுக்கு விடுமுறைச் சம்பளம் சேர்க்கப்படவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம்; கிடைத்தது. தகப்பனின் ஆண்டுகள் மட்டும் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன.

அமைப்பு மாறியது எப்படி?

1999 ஏப்ரல் 1 வரை இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கவில்லை. அன்று மணித்தியாலத்துக்கு 3.60 பவுண் என்று தொடங்கியது. ஆனால் அந்தத் தொகையில் லண்டனில் குடும்பம் நடத்த முடியாது. கிழக்கு லண்டனில் பெற்றோர் இரண்டு வேலை, மூன்று வேலை செய்தும் பிள்ளைகளோடு இருக்க நேரமில்லாமல் தவித்தனர். அங்குள்ள தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்த அமைப்பு ஒன்று 2001இல் 'வாழ்வதற்கான ஊதியம்' கேட்டு இயக்கம் தொடங்கியது. 2003இல் ஒரு பெரிய வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில், அந்த வங்கித் தலைவரின் அலுவலகத்தை இரவில் துப்புரவு செய்யும் தொழிலாளி எழுந்து நின்று தன் சம்பளத்தைப் பற்றித் தலைவரிடமே பேசினார். அந்த வங்கி பின்னர் ஊதியத்தை உயர்த்த இணங்கியது. 2011இல் இந்த இயக்கத்துக்கெனத் தனி நிறுவனம் உருவானது. சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2025 ஏப்ரலில் 12.21 பவுண் ஆனது. இந்த இயக்கம் அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2024 ஒக்டோபரில், வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு அறிவித்த தொகை லண்டனுக்கு 13.85 பவுண், ஏனைய இடங்களுக்கு 12.60 பவுண். முதலாளிமார் தாமாக முன்வந்து கொடுப்பது இது.

அந்தக் கூட்டங்களில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் சாதாரண மனிதர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் மண்டபத்தில் ஒருவரையொருவர் "உனக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டதில் இருந்து இப்படியான காரியங்கள் தொடங்குகின்றன. எமது மண்டபங்களில் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. வெட்கப்படுகிறோம்.

வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

சம்பள நாளில் அல்லது அதற்கு முன்னர் பேஸ்லிப் பெறுவது உங்கள் உரிமை. நேரத்துக்கு ஏற்பச் சம்பளம் மாறுமானால், 2019 ஏப்ரல் 6 முதல் மணித்தியாலங்களும் அதில் இருக்க வேண்டும். கடையில் ரில் கணக்கோ சரக்கோ குறைந்தால், முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருந்தால் மட்டுமே பிடிக்கலாம். அதுவும் அந்தத் தடவைச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. வேலையை விடும்போது வரும் கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் இந்த எல்லை இல்லை. ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் உழைக்கும் 22 வயதுக்கு மேற்பட்டவரை, அரச ஓய்வூதிய வயது வரும்வரை, முதலாளி ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

உங்கள் நஷனல் இன்ஷூரன்ஸ் பதிவை அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இன்றே பிள்ளைகளைக் கொண்டு பாருங்கள். வழமையாகக் கடந்த ஆறு ஆண்டுகளின் வெற்றிடங்களைத்தான் பணம் கட்டி நிரப்பலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உதவிப்பணம் கோரிய தாய்மாருக்கு அந்த ஆண்டுகள் பதிவாகும். பிரச்சினை என்றால் ஏகாஸ் அமைப்புத் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை தருகிறது.

கடை வைத்திருப்பவர்களுக்கு

"உண்மையை எழுதினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கணக்குப் பாருங்கள். தகுதியுள்ள சிறு முதலாளிமார் கட்ட வேண்டிய நஷனல் இன்ஷூரன்ஸில் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10,500 பவுண்வரை கழிவு உண்டு. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்கு அது பெரிய தொகை. குறைந்தபட்ச ஊதியப் பதிவுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து பட்டப்படிப்புக்கு வரும் பிள்ளைகள் பாடகாலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலமே வேலை செய்யலாம். அதற்கு மேல் வேலை வாங்கிவிட்டு, "விசாவுக்குப் பிரச்சினை வரும்" என்று பயமுறுத்திப் பாதிச் சம்பளம் கொடுப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். உபாகமம் சொல்லும் அந்நியதேசத்தார் இன்று அந்தப் பிள்ளைகள்தான்.

தொலைபேசியில் கேட்ட அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுவே. உங்கள் கடையில் நிற்பவரின் மணித்தியாலங்களை உள்ளபடி எழுதுங்கள். சம்பளத்தைப் பிந்தாமல் கொடுங்கள். பிரசங்கம் செய்யத் தெரியாத உங்களுக்கும் எனக்கும் அருட்பணி அங்கேதான் தொடங்குகிறது. புத்தகம் எழுத உதவி தேவையானால் வானொலி நிலையத்தில் என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் இல்லை.