90 அடி இருக்கிறதா?

மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம். எனினும் அது நாட்காட்டியை மட்டும் பார்த்துச் செய்யும் காரியமன்று. மட்டம் ஏறத்தாழ 90 அடியாவது இருக்கவேண்டும். வரத்தும் நம்பிக்கை தரவேண்டும். 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திருவிடைமருதூர்ப் பக்கம் பம்ப்செட் இல்லாத விவசாயி நாற்று விடலாமா என்று முடிவு செய்வது இதைக் கொண்டுதான். 'இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்னும் இந்த நிபந்தனையைக் கணிப்பொறிக்கு எவ்வாறு சொல்வது?

யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் நாம் தட்டும் ஆணைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. இன்று பரவலாக உள்ள பாஷ் அதன் வழிவந்ததே. ஆணைகளைக் கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஸ்கிரிப்ட்.

ஸ்கிரிப்டில் நிபந்தனையைத் தொடங்கும் சொல் 'இஃப்'. வியப்பு என்னவெனில், இஃப் தானாக எதையும் ஒப்பிடுவதில்லை! பக்கத்தில் உள்ள ஆணையை ஓடவிட்டு, அது முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணை மட்டுமே பார்க்கிறது. 0 என்றால் 'ஆம்'; வேறு எந்த எண்ணானாலும் 'இல்லை'. 1 மெய், 0 பொய் என்று படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரியம் கைகூடுவது ஒரே விதம், கெடுவது பல விதம்; கெட்ட காரணங்களைக் குறிக்கப் பல எண்கள் வேண்டுமல்லவா?

ஒப்பிடும் வேலை 'டெஸ்ட்' என்னும் ஆணையுடையது. பகர அடைப்புக்குறி அதற்கு மற்றொரு பெயர். பெயர் ஆதலால் அதன்பின் இடைவெளி விடவேண்டும். [ 120 -ஜிஈ 90 ] என்றால், '120 என்பது 90-க்குக் குறையவில்லையா?' என்று பொருள். (தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.) விடை 0, அதாவது ஆம்.

கணக்கு நோட்டில் போடுவதுபோல [ 85 > 90 ] என்று எழுதினால்? ஷெல்லுக்கு > என்பது 'வெளிவருவதை இந்தக் கோப்பில் கொட்டு' என்ற குறி. 90 என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு பிறக்கும்! டெஸ்டின் கையில் 85 மட்டுமே மிஞ்சும். ஏதோ ஒரு சொல் இருக்கிறதே என்று அது 'ஆம்' என்றுவிடும். பாஷில் இரட்டைப் பகர அடைப்புக்குள் > இட்டால் கோப்பு பிறக்காது. ஆனால் ஒப்பீடு அகராதி வரிசையில் நடக்கும். 1 முந்தியது, 9 பிந்தியது. ஆகவே 120, 90-ஐவிடச் சிறியதாகிவிடும். அணை நிரம்பி வழிந்தாலும் 'போதாது' என்றே விடை வரும்.

இனி, அன்றாட மட்டம் ஒரு கோப்பிலிருந்து வருகிறது என்று கொள்வோம். கோப்பு உண்டா என்று கேட்க -எஃப். அது காலியாக இல்லாமலிருக்கிறதா என்று கேட்க -எஸ். படிக்க அனுமதி உண்டா என்று கேட்க -ஆர். இவற்றைக் கேட்காமல் நேரே ஒப்பிட்டால், கோப்பு காலியாக உள்ள நாளில் டெஸ்ட் பிழை கூறி 2 என்னும் எண்ணைத் தரும். இஃப் அதையும் 'இல்லை' என்றே கொள்ளும். மட்டம் தெரியாதது வேறு, மட்டம் போதாதது வேறு. விவசாயிக்குப் போய்ச் சேரும் செய்தியோ ஒன்றே.

95.40 அடி என்று பதிந்திருந்தாலும் இதே கதிதான். பாஷின் டெஸ்டுக்கு முழு எண்களே தெரியும். புள்ளியைக் கண்டால் 2. அடியை நூறால் பெருக்கி, 9540-ஐ 9000-த்தோடு ஒப்பிடுவது எளிய வழி. முந்தைய ஆணை விட்ட எண்ணை $? என்ற குறியால் அறியலாம். அது 1 என்றால் நீர் போதாது. 2 என்றால் கோப்பைத் திறந்து பார்க்கவேண்டும்.