எக்ஸ்ரே படம்: வோல்ட்டுக்கு ஒரு வேலை, ஆம்பியருக்கு ஒரு வேலை

எக்ஸ்ரே எடுப்பவர் பொத்தானை அழுத்துமுன் இரண்டு எண்களைச் சரிபார்க்கிறார். ஒன்று கிலோவோல்ட்டில் குறிக்கப்படும் மின்னழுத்தம். மற்றொன்று மில்லி ஆம்பியரில் குறிக்கப்படும் மின்னோட்டம். படம் தெளிவாக விழுவதும், நோயாளி தேவைக்கு மேல் கதிர் வாங்காமல் இருப்பதும் இவற்றைப் பொறுத்தவை.

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரோண்ட்கன் இக்கதிரைக் கண்டறிந்தார். அக்காலக் குழாய்களில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்துவது கடினம். 1913இல் அமெரிக்கரான வில்லியம் கூலிட்ஜ் உருவாக்கிய குழாய்தான் அதற்கு வழி செய்தது.

காற்று நீக்கிய குழாயில் ஓர் இழை சூடேறி எலெக்ட்ரான்களை வெளிவிடும். மின்னழுத்தம் அவற்றை இழுத்து, எதிரே உள்ள டங்ஸ்டன் உலோகத்தில் மோத வைக்கும். அந்த ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு வெப்பமாகிவிடும். எஞ்சியதே எக்ஸ்ரே.

சுவரில் பந்து எறிவதைப் போன்றது இது. எத்தனை பந்து என்பது மின்னோட்டம். எவ்வளவு வேகம் என்பது மின்னழுத்தம். மின்னோட்டத்தை இரு மடங்காக்கினால் கதிரின் அளவும் இரு மடங்காகும். ஊடுருவும் வலிமை மாறாது. மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ வலிமை, அளவு இரண்டுமே கூடும். அதனால்தான் மெல்லிய கை விரலுக்குக் குறைந்த கிலோவோல்ட்டும் பருத்த இடுப்புக்குக் கூடுதல் கிலோவோல்ட்டும் வைக்கிறார்கள்.

மின்னழுத்தம் மிகக் குறைவாக இருந்தால் கதிர்கள் உடலிலேயே தங்கிவிடும். அவற்றால் படத்துக்குப் பயனில்லை, நோயாளிக்குத்தான் சுமை. மின்னழுத்தத்தைச் சுமார் 15 விழுக்காடு கூட்டி மின்னோட்டத்தைப் பாதியாக்கினாலும், ஏறக்குறைய அதே அளவு கதிர் படத்தட்டை வந்தடையும். உடல் ஏற்பது குறையும். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் எலும்புக்கும் தசைக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும்.

பிலிம் காலத்தில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. இன்றைய கணினிப் படத்தில் கதிர் குறைந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும். மிகுந்தாலோ படம் அழகாகவே இருக்கும். ஆகவே, திரையில் வரும் கதிரளவு எண்ணைப் பணியாளர் கவனிப்பது அவசியம். பெரியவருக்கு வைத்த எண்களையே குழந்தைக்கும் வைக்கக்கூடாது.

நெஞ்சுப் படம் ஒன்றில் கிடைக்கும் கதிர், இயற்கையிலிருந்து சில நாள்களில் கிடைக்கும் அளவுதான். அஞ்ச வேண்டியதில்லை, வீணாக்கவும் வேண்டாம். பழைய படங்களைக் கையோடு கொண்டு செல்வது, கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்வது, படம் எடுக்கும்போது அசையாமல் இருப்பது ஆகிய மூன்றும் நோயாளியின் கையில் உள்ளவை. அசைந்தால் மறுபடியும் ஒரு படம்; மறுபடியும் கதிர்.