அயல் நிறுவன உணரிகள் எமது எச்சரிக்கை மணிக்குப் பொருந்துமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வீட்டின் பின்கதவில் இருந்த கம்பியில்லா உணரி பழுதடைந்தது. 'சென்சர்' என்று நாம் அன்றாடம் வழங்கும் அதே கருவிதான். வேறொரு தயாரிப்பாளரின் உணரி பாதி விலைக்குக் கிடைத்தது. வாங்கினோம், அதன் பின்புறத்தில் அச்சிட்டிருந்த இலக்கத்தை மையப் பெட்டியில் பதிந்தோம், பெட்டியும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. நான்கு மாதங்கள் நிம்மதியாக உறங்கினோம். ஒரு நாள் காலை, எச்சரிக்கை மணியை நிறுத்த மறந்து பின்கதவைத் திறந்தபோது சிறு ஒலிகூட எழவில்லை. அந்த நான்கு மாதங்களும் பின்கதவு காவலின்றியே கிடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. கதவு திறக்கும்போது எழும் மணியோசையைப் பிள்ளைகளின் உறக்கத்தை முன்னிட்டு முன்பே நிறுத்தி வைத்திருந்தமையால், ஐயம் கொள்ளவும் வாய்ப்பில்லாது போயிற்று.

கனடாவில் வாழும் நம்மவர் பலரின் வீடுகளில் இத்தகைய மணிகள் பொருத்தப்பட்டுள்ளன. பெட்டியைச் செய்த நிறுவனத்தின் உணரியே உகந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எப்போதும் கிடைப்பதில்லை. ஜி.இ. பெயரில் பல வீடுகளில் இடம்பெற்ற பெட்டிகளைப் பின்னாளில் தயாரித்து வந்த இன்டர்லாஜிக்ஸ், 2019 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் தன் தொழிலை மூட முடிவு செய்தது. அப்பெட்டிகளோ இன்றும் பல சுவர்களில் உழைக்கின்றன. அவற்றை வைத்திருப்போர் அயல் நிறுவனங்களை நாடுவதன்றி வேறென் செய்வர்?

முதலில் நோக்க வேண்டியது அலைவரிசை. உணரி என்பது ஒரு சிறிய வானொலி நிலையம். பெட்டி அதைக் கேட்கும் வானொலிப் பெட்டி. வட அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனத்தின் 5800 வரிசை உணரிகள் 345 மெகாஹேர்ட்ஸில் பேசுவன. ஜி.இ. வழிவந்தவை 319.5 இல் பேசுவன. ரொறன்ரோவை அடுத்த கொன்கோர்டில் வளர்ந்த டி.எஸ்.சி. நிறுவனத்தின் பழைய உணரிகளுக்கு 433.92, அதே நிறுவனம் பின்னர் கொணர்ந்த 'பவர்-ஜி' வகை இங்கு 912 முதல் 919 வரையான பரப்பில் இயங்குகின்றது. ஆகவே, பெயர்ப்பலகை ஒன்றாயிருப்பதால் மட்டும் பழைய பெட்டியும் புதிய உணரியும் உறவாடிவிடா. இலண்டனிலுள்ள உறவினர் அன்போடு வாங்கி அனுப்பும் உணரியும் இங்கு உதவாது. ஐரோப்பாவில் பெரிதும் வழங்குவது 868 மெகாஹேர்ட்ஸ்.

அலைவரிசை ஒன்றாயிருந்தால் போதுமோ எனின், போதாது. ஒரே கூடத்தில் இருவர் அமர்ந்திருப்பினும் மொழி வேறாயின் உரையாடல் ஏது? இணையச் சந்தையில் மிக மலிவாய் விற்கப்படும் 433 மெகாஹேர்ட்ஸ் உணரிகள் பல, டி.எஸ்.சி. பெட்டி அறியாத குறியீட்டு முறையில் செய்தி அனுப்புவன. எண்ணைக் கண்டு ஏமாந்தவர் பலர். எனவே 'உமது பெட்டியின் இன்ன மாதிரிக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கின்றாரா என்று பார்த்தல் வேண்டும். ஹனிவெல் பெட்டிகளுக்கு உகந்த 345 உணரிகளை எக்கோலிங்க் போன்ற நிறுவனங்கள் அவ்வாறே வெளிப்படையாகக் குறிப்பிட்டு விற்கின்றன. விற்பனையாளர் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று கூறுவாராயின், அதையே ஐயத்திற்குரிய சொல்லாகக் கொள்க.

பழைய வகை உணரிகள் பலவும் ஒருவழிப் பேச்சின, மறைகுறியாக்கம் அற்றவை. அருகிருந்து ஒருவர் அச்செய்தியைப் பதிந்து மீண்டும் ஒலிபரப்ப இயலும் என்பதைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் காட்டியுள்ளனர். பவர்-ஜி போன்றவை இருவழியாகவும் மறைகுறியோடும் பேசுவன. அதனாலேயே அயலார் உணரியை அவற்றோடு இணைப்பதும் அரிது. பாதுகாப்புக் கூடக்கூடத் தெரிவு குறையும். புதிதாகப் பெட்டி வாங்குவோர் இதை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி எமது பின்கதவுக்கு வருவோம். ஹனிவெல் முறையில் ஓர் உணரிக்குள் 'லூப்' எனப்படும் பல தடங்கள் உண்டு. 5816 என்னும் கதவு உணரியில் முதலாம் லூப் வெளியிலிருந்து வரும் கம்பி இணைப்புக்குரியது. உள்ளே காந்தத்தால் இயங்கும் ஆளிக்கு உரியது இரண்டாம் லூப். அதற்கு மாற்றாக நாம் வாங்கிய உணரியும் அம்முறையையே பின்பற்றியது. நாமோ இலக்கத்தைச் சரியாகப் பதிந்து, லூப் எண்ணை ஒன்று என விட்டுவிட்டோம். உணரி தவறாது பேசியது. 'உயிரோடிருக்கிறேன்' என்றும் காலந்தோறும் அறிவித்தது. கதவு திறந்த செய்தியை மட்டும் பெட்டி கவனியாத தடத்தில் சொல்லிக்கொண்டிருந்தது! எல்லா உணரிகளிலும் இவ்வெண் ஒன்றுபோல் இராது; அதனோடு வரும் துண்டுத்தாளே சான்று. அத்தாளை எறிந்துவிடாதீர்கள்.

ஆதலால் பெட்டி ஏற்றுக்கொண்டது என்பதைச் சோதனையாகக் கொள்ளலாகாது. கண்காணிப்பு நிலையத்தோடு இணைப்பிருந்தால் முதலில் தொலைபேசியில் அழைத்து, சோதிக்கப் போவதாக அறிவித்துவிடுங்கள். இல்லையேல் பொலிஸார் வாசலில் நிற்பர், வீண் அழைப்புக்குக் கட்டணமும் வரக்கூடும். பின்னர் மணியை இயக்கிக் கதவைத் திறந்து பாருங்கள். உணரியின் மூடியைக் கழற்றினால் பெட்டி முறையிடுகின்றதா என்றும் காண்க. இறுதியாகப் பற்றரியை அகற்றிவிட்டுக் காத்திருங்கள். உணரியின் குரல் கேளாதபோது பெட்டி அதைப் பிழையாக அறிவித்தல் வேண்டும். இதற்குப் பல மணி நேரம், சில பெட்டிகளில் ஒரு நாள்கூட, ஆகலாம், பொறுமை தேவை. இம்மூன்றாவது சோதனையைத்தான் எவரும் செய்வதில்லை.

குளிர் காலத்தில் கராஜ் கதவில் உள்ள பற்றரி விரைவில் சோரும். உணரி கேட்கும் லிதியம் வகையையே இடுக. இரும்புக் கதவில் அலையும் காந்தமும் வலுவிழக்கும் என்பதால், ஒட்டுமுன் கையில் பிடித்தே சோதித்துப் பார்ப்பது நன்று.

புகை உணரியும் கார்பன் மொனொக்சைட்டு உணரியும் இக்கணக்கில் சேரா. கள்வன் வருவது ஐயம். தீ கேட்டு வருவதில்லை. அவற்றில் யூ.எல்.சி. முத்திரை இருத்தல் வேண்டும்; பெட்டியின் கையேடு அந்த மாதிரியைப் பெயர் சொல்லி ஏற்றிருத்தலும் வேண்டும். காலாவதித் திகதி கடந்தவற்றை இன்னும் ஒலிக்கின்றதே என்று வைத்திருக்கலாகாது. ஒலிப்பது மணி மட்டுமே. உள்ளிருக்கும் உணரும் பகுதி ஓய்ந்திருக்கக்கூடும். எமது வீட்டில் கதவுகளுக்கு அயல் உணரிகளையும், இவ்விரண்டுக்கும் பெட்டி நிறுவனத்தின் சொந்த உணரிகளையுமே இன்று வைத்துள்ளோம். பின்கதவின் மணியோசையையும் மீண்டும் இயக்கிவிட்டோம். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள்.