இருபது டாலர் பாட்டிலும் நாக்கின் தீர்ப்பும்

மல்லி, மிளகாய், புளி என்று நாற்பதாண்டு காலமாக மாதிரி பார்த்து விலை சொல்லி வந்தவனுக்கு எந்தச் சரக்கைக் கண்டாலும் கை சும்மா இராது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் என் மகன் வேலையில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது அந்த ஊரின் தலையாய சரக்கான பர்பன் விஸ்கியை வியாபாரிக் கண்ணோடு கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நமது மாநிலத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால், இது நம் கடைகளுக்குரிய பொருள் அல்ல. நானும் குடிப்பழக்கம் உள்ளவன் அல்லன். குடியால் மூழ்கிய கடைகளைக் கண்டவன். ஆயினும் மலிவான சரக்கில் நல்லதை எப்படி இனம் காண்பது என்ற கேள்வி நம் எல்லோருக்கும் பொதுவானது அல்லவா?

பர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும். வண்ணமோ வாசனையோ சேர்க்கக் கூடாது. ஸ்காட்லாந்து விஸ்கியில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இதில் அதுவும் கிடையாது. பாட்டிலில் தெரியும் செம்பழுப்பு முழுவதும் மரம் கொடுத்ததே. ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு உதவாது. அவற்றில் ஏராளமானவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்கே போகின்றன.

இந்தக் கண்டிப்பு சும்மா வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஸ்கி பீப்பாயாகவே மொத்த வியாபாரிகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் போயிற்று. வழியில் கை மாறும்போதெல்லாம் கலப்படம். சாராயத்தில் புகையிலைச் சாறு, பழச்சாறு, சாயம் முதலியவற்றைக் கலந்து பழைய விஸ்கி என்று விற்றார்கள். நான்கு வருடம் கிடங்கில் பணத்தை முடக்கிய யோக்கியமான உற்பத்தியாளர், நாலே நாளில் கலந்து கொடுப்பவனின் விலைக்கு எப்படி ஈடு கொடுப்பார்? மிளகில் பப்பாளி விதை கலப்பவனோடு போட்டியிட்டவர்களுக்கு அந்த வேதனை புரியும். லூயிவில்லைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வின் பிரௌன் என்பவர் 1870இல் ஓல்டு ஃபாரஸ்டர் என்ற சரக்கை மூடி முத்திரையிட்ட பாட்டிலில் மட்டுமே விற்கத் தொடங்கினார். பின்னர் கர்னல் டெய்லர் போன்ற உற்பத்தியாளர்கள் முயன்று 1897இல் 'பாட்டில்டு இன் பாண்ட்' சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். நமது அக்மார்க் சட்டம் 1937இல் வந்தது. அதற்கு 40 ஆண்டு முன்பே ஒரு தர முத்திரை. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீதச் சாராய வலு. எந்த ஆலையில் வடித்தது என்பதும் சீட்டில் இருந்தாக வேண்டும்.

இன்றும் மலிவு விலைப் பர்பனில் நம்பிப் பார்க்கத் தக்க முதல் அடையாளம் இதுதான். நான் பார்த்தது இவான் வில்லியம்ஸ் வெள்ளைச் சீட்டு. ஹெவன் ஹில் நிறுவனத்தின் சரக்கு; 750 மில்லி பாட்டில் 20 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. இந்நிறுவனத்தின் பார்ட்ஸ்டவுன் கிடங்குகள் 1996 நவம்பரில் தீப்பற்றி, சுமார் 90,000 பீப்பாய்கள் எரிந்து போயின. அவ்வளவு இழந்த பிறகும் வியாபாரத்தை விடாமல் நடத்தியவர்கள்.

கடைக்காரர் மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, எது என்ன விலை என்று சொல்லாமல் வைத்தார். அங்கே ஆலைக்காரர்கள் சில துளிகளை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்வதுண்டு. மல்லியைக் கசக்கி முகர்கிற அதே வேலை! சாராய நெடி பறந்த பின் தானியமும் மரமும் தனித்தனியே தெரிகின்றன. குவளையில் மூக்கை நுழைக்கக் கூடாது. வாயைச் சற்றே திறந்து வைத்து முகர வேண்டும். முதல் துளி நாக்கைப் பழக்குவதற்கு, இரண்டாவதுதான் தீர்ப்புக்கு. பிறகு சிறிது தண்ணீர் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும்.

ஒரு குவளையில் சர்க்கரைப் பாகு, வெனிலா, வறுத்த நிலக்கடலை, பின்னால் லேசான பட்டை வாசம் வந்தன. தொண்டையில் சூடு அதிகம், இளமையின் முரடு கொஞ்சம் உண்டு. சுவை நெடுநேரம் நிற்கவில்லை. தண்ணீர் விட்டதும் முரடு அடங்கி இனிப்பு மேலே வந்தது. அதுதான் 20 டாலர் சரக்கு. 90 டாலர் குவளை மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் மரக் கசப்பு தூக்கலாக நின்றது. பழைய அரிசிக்கு மதிப்பு உண்டு, அளவு மீறிப் பழசானால் மக்கல் வாடை அடிக்கும். கென்டக்கியின் கோடை வெப்பத்தில் புது மரம் வேகமாக இறங்கிவிடுவதால், வயது ஏற ஏறத் தரம் ஏறும் என்ற கணக்கு பர்பனுக்கு அப்படியே பொருந்தாது.

வயதுக்கு விலை ஏறுவது வேறு காரணத்தால். பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 5 சதவீதம் ஆவியாகிறது. நம் கிடங்கில் மிளகாய் எடை குறைவது போல. அதோடு கிடங்கில் கிடக்கும் சரக்குக்கு அந்த மாநிலம் ஆண்டுதோறும் சொத்து வரி வாங்குகிறது. 2023இல் இயற்றிய சட்டப்படி அவ்வரி 2026 முதல் படிப்படியாகக் குறைந்து 2043இல் நீங்கும். இவை நியாயமான செலவுகள். ஆனால் பாப்பி வான் விங்கிள் போன்ற பெயர்களுக்கு மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பது சரக்கின் தரத்துக்கு அல்ல, தட்டுப்பாட்டுக்கு. பதுக்கல் காலத்தில் சர்க்கரை விற்ற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 50 சதவீத வலுவுள்ள 750 மில்லியில் சாராயம் 375 மில்லி. சாதாரண 40 சதவீதச் சரக்கில் 300 மில்லி. அதாவது வெள்ளைச் சீட்டு ஒரு பாட்டில், மற்றதில் ஒன்றேகால் பாட்டிலுக்குச் சமம். தண்ணீரை ஆலைக்காரரிடம் விலை கொடுத்து வாங்காமல் வீட்டுக் குழாயில் பிடித்துக் கொள்ளலாம். இதைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டு, ஊரில் எனக்கு என்ன வியாபாரம் என்று கேட்டார்.