சிரித்தே கணக்குக் கேட்டவர்கள்: தெரியுமா உங்களுக்கு?

ஒரு ராத்திரி விருந்து, ஒரே ஒரு கேலிப்படம், ஏறக்குறைய 1,100 ஓட்டு. இந்த மூன்றும் சேர்ந்து அமெரிக்க அதிபர் நாற்காலியையே ஒருவர் கைக்கு எட்டாமல் செய்த கதை தெரியுமா?

1884 அக்டோபர் 29. தேர்தலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெய்ன், நியூயார்க்கின் மிக ஆடம்பரமான டெல்மோனிக்கோஸ் உணவகத்தில் கோடீஸ்வரர்களோடு சாப்பிட உட்காருகிறார். நாட்டிலோ தொழில் மந்தம், வேலையில்லாத் திண்டாட்டம். மறுநாள் காலை ஜோசப் புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழைப் பிரித்தவர்கள் முதல் பக்கத்திலேயே அந்த விருந்தைப் பார்த்தார்கள். வரைந்தவர் வால்ட் மெக்டூகல். நாடு அழியும் இரவில் விருந்து கொண்டாடிய பைபிள் காலத்துப் பாபிலோன் மன்னன் பெல்ஷாசராக பிளெய்னை உட்கார வைத்திருந்தார். சுற்றிலும் பணமுதலைகள். மேஜை மேல் 'ஏகபோக சூப்', 'லாபி புட்டிங்'. ரயில்வே முதலாளி ஜே கூல்டின் பெயரில் ஒரு 'கூல்ட் பை'கூட உண்டு! மேஜைக்கு முன்னால் கந்தல் உடுத்திய ஒரு குடும்பம் கையேந்தி நிற்கிறது. ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எதிர்க்கட்சியினர் விடுவார்களா? படத்தைச் சுவரொட்டியாக்கி நியூயார்க் முழுக்க ஒட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்ட அந்த மாநிலத்தில் பிளெய்ன் தோற்றது சுமார் 1,100 ஓட்டு வித்தியாசத்தில். நியூயார்க் போனது, அதோடு அதிபர் பதவியும் போனது. விருந்து நடந்த அதே நாள் காலையில் பிளெய்னின் ஆதரவாளரான ஒரு பாதிரியார் கத்தோலிக்கர்களைப் புண்படுத்திப் பேசியதும் ஒரு காரணம். எல்லாப் பெருமையையும் படத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: 550 பேர் மனம் மாறியிருந்தால் போதும். தெருவெல்லாம் ஒட்டிய அந்தப் படத்தைப் பார்த்து 550 பேர்கூடவா மனம் மாறியிருக்க மாட்டார்கள்?

அமெரிக்காவில் பணம் இருக்கிறது என்பது உலகத்துக்கே தெரியும். அது யார் வீட்டில் இருக்கிறது என்று சாமானியனைக் கேட்க வைத்த வேலையில், பொருளாதார மேதைகளைவிடக் கேலிச் சித்திரக்காரர்களும் மேடைக் கோமாளிகளும் ஒரு படி மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்கள் செய்தவை ஒவ்வொன்றும் ஆச்சரியம்!

மெக்டூகலை இன்னும் விட்டுவிடாதீர்கள். 1902-இல் பென்சில்வேனியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட சாமுவேல் பென்னிபேக்கரை, சார்லஸ் நெலன் என்ற ஓவியர் சொன்னதைச் சொல்லும் கிளியாக வரைந்து தள்ளினார். பென்னிபேக்கர் ஜெயித்து வந்த கையோடு என்ன நடந்தது தெரியுமா? அரசியல்வாதிகளைப் பறவையாகவோ விலங்காகவோ வரையக் கூடாது என்று சட்டசபையில் ஒரு மசோதாவே வந்தது! அப்போது பிலடெல்பியாவில் இருந்த மெக்டூகல் பேனாவை எடுத்தார். விலங்குதானே கூடாது? ஒரு தலைவரை மரமாக வரைந்தார், ஒருவரைப் பீர்க் கோப்பையாக, ஒருவரை உருளைக்கிழங்காக! காய்கறிகளை மசோதாவில் சேர்க்க மறந்துவிட்டீர்களே என்று அவர் கேட்காமல் கேட்டதில் மாநிலமே குலுங்கிச் சிரித்தது. 1903-இல் வேறு வடிவத்தில் ஒரு பத்திரிகைச் சட்டம் நிறைவேறத்தான் செய்தது. நான்கே வருடம். 1907-இல் அதுவும் ரத்து.

நியூயார்க் நகர கஜானாவைச் சுரண்டிக் கொழுத்த 'பாஸ்' ட்வீட், சிறையிலிருந்து தப்பி ஸ்பெயின் வரை ஓடினார். 1876-இல் அங்கே மாட்டிக்கொண்டது எப்படி? தாமஸ் நாஸ்ட் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வரைந்த கேலிப்படத்தை வைத்து அடையாளம் கண்டார்கள்! படத்தில் ட்வீட் இரண்டு சிறுவர்களைப் பிடித்திருந்தார். ஆங்கிலம் தெரியாத ஸ்பெயின் அதிகாரிகள் அவரைப் பிள்ளை பிடிப்பவன் என்றே நினைத்துக்கொண்டார்களாம். குடியரசுக் கட்சிக்கு யானையை ஒட்டிவைத்தவரும் இதே நாஸ்ட்தான்.

1889-இல் 'பக்' என்ற நகைச்சுவை இதழில் ஜோசப் கெப்ளர் வரைந்த படம் இன்னொரு அதிசயம். செனட் சபைக்குள் எஃகு, எண்ணெய், சர்க்கரை, நிலக்கரி என்று பெயர் எழுதிய பூதாகாரமான பண மூட்டைகள் மனித உருவில் நுழைகின்றன. அவற்றின் காலடியில் செனட்டர்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சிறுத்துக் கிடக்கிறார்கள். மூட்டைகள் வரும் வாசல் அகலத் திறந்திருக்கிறது; மக்களுக்கான வாசலோ தாழிடப்பட்டிருக்கிறது. அன்றைக்கு செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாநில சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. சட்டசபையைப் பிடித்தால் செனட்டரைப் பிடித்த மாதிரி. அந்த வழக்கம் மாற 1913 வரை, அரசியல் சட்டத்தின் 17-ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்க செனட்டின் சொந்தச் சேகரிப்பிலேயே!

சரி, நிறுவனத்துக்கு மனிதனுக்குரிய உரிமை உண்டு என்ற கருத்து அமெரிக்கச் சட்டத்தில் எப்படிக் குடியேறியது? 1886-இல் சாண்டா கிளாரா மாவட்டத்துக்கும் சதர்ன் பசிபிக் ரயில்வேக்கும் நடந்த வழக்கு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் உடலில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. தீர்ப்புக்கு மேலே நீதிமன்றச் செய்தியாளர் எழுதிச் சேர்த்த தலைக்குறிப்பில்தான் இருக்கிறது! அந்தச் செய்தியாளர் பான்கிராஃப்ட் டேவிஸ் ஒரு காலத்தில் ரயில் நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேலே இருப்பவர்களுக்குக் கொடு, கீழே தானாக வடியும். இந்தப் பொருளாதாரத்தின் சாயத்தை வெளுக்க வைத்தவர் ஒரு மாட்டுக்காரர் என்றால் நம்புவீர்களா? பெயர் வில் ரோஜர்ஸ். செரோக்கி பழங்குடி வம்சம். கயிற்று வித்தை காட்டி மேடையேறி, பத்திரிகையிலும் வானொலியிலும் சினிமாவிலும் நாட்டையே சிரிக்க வைத்தவர். 1928-இல் நகைச்சுவை இதழாக இருந்த 'லைஃப்' அவரை அதிபர் வேட்பாளராகவே நிறுத்தியது. அவர் தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: ஜெயித்தால் ராஜினாமா செய்துவிடுவேன். தேர்தல் முடிந்ததும் இதழ் அவர் ஜெயித்ததாக அறிவித்தது. சொன்னபடி அவரும் ராஜினாமா செய்தார்!

அதே ரோஜர்ஸ், மாபெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே 1932-இல் எழுதினார்: அதிபர் ஹூவர் பொறியாளர், தண்ணீர் மேலிருந்து கீழே வடியும் என்பது அவருக்குத் தெரியும், பணம் கீழிருந்து மேலே ஏறும் என்பதுதான் தெரியவில்லை. அடித்தட்டு மக்களிடம் கொடுத்துப் பாருங்கள், பொழுது சாய்வதற்குள் எப்படியும் மேலே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் போகிற வழியில் ஏழையின் கையையாவது ஒரு முறை தொட்டுவிட்டுப் போகும். இதைவிட எளிமையாகப் பொருளாதாரப் பாடம் யார் எடுத்திருக்கிறார்கள்? 1961 முதல் 1963 வரை டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த பொருளாதார அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த் இன்னும் காரமாகச் சொன்னார்: குதிரைக்கு ஓட்ஸை அள்ளி அள்ளிப் போட்டால் சாணத்தோடு நாலு மணி சாலையில் விழும், சிட்டுக்குருவிகள் பொறுக்கிக்கொள்ளலாம் என்ற பழைய சித்தாந்தம்தானே இது!

ஆனால் அந்தச் சித்தாந்தம் சாகவில்லையே. வரியைக் குறைத்தால் வருவாய் கூடும் என்று பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் 1974-இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் கைத்துடைப்புத் துணியில் வளைகோடு வரைந்து விளக்கியதாகச் சொல்வார்கள். அப்படி ஒரு துணி ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிபர் ஐசன்ஹோவர் காலத்தின் பெரும்பகுதியில், உச்சவரம்பைத் தாண்டிய வருமானத்துக்கு மத்திய வரி 91 சதவீதம். அதிபர் ரீகன் பதவிக்கு வந்தபோது 70. அவர் பதவி விட்டு இறங்கும்போது 28! ரீகனின் பட்ஜெட் இயக்குநர் டேவிட் ஸ்டாக்மனே 1981-இல் 'தி அட்லான்டிக்' இதழின் பேட்டியில், இது அந்தப் பழைய வடிதல் கொள்கைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகும் வண்டி அதே தடத்தில்தான் ஓடியது.

ஓடி எங்கே வந்து நின்றது? குடும்பங்களின் சொத்து பற்றி அமெரிக்க மத்திய வங்கி தரும் கணக்கைப் பந்தியில் வைத்துப் பாருங்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நூறு இட்லி வருகிறது. ஒரே ஒருவர் இலையில் சுமார் 30. மறுகோடியில் இருக்கும் ஐம்பது பேருக்கும் சேர்த்துச் சுமார் இரண்டரை இட்லி!

மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. பல மாநிலங்கள் தாங்களாகவே கூட்டிக்கொண்டன, எல்லா மாநிலங்களும் அல்ல. டிப்ஸை நம்பி உணவு பரிமாறுபவர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய மத்தியக் குறைந்தபட்சம் எவ்வளவு தெரியுமா? 2.13 டாலர். 1991 முதல் அதே 2.13! டிப்ஸையும் கூட்டி 7.25 வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். மேஜையில் யாரோ விட்டுப்போகும் சில்லறையில்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. உலகின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவரான வாரன் பஃபெட் 2011-இல், தன் வருமானத்தில் 17.4 சதவீதம்தான் மத்திய வரியாகப் போனது, தன் அலுவலகத்தில் இருந்த மற்ற 20 பேருக்குச் சராசரி 36 சதவீதம் என்று பத்திரிகையிலேயே எழுதினார். அது நகைச்சுவைக் கட்டுரை அல்ல, உண்மைக் கணக்கு!

இப்போது ஸ்டீஃபன் கோல்பேர். 2010 ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் தேர்தல் பிரசாரத்துக்குத் தனியாகச் செலவழிக்க வரம்பில்லை என்று கதவைத் திறந்துவிட்டது. அதிலிருந்து பிறந்தவைதான் 'சூப்பர் பேக்' என்ற அமைப்புகள். வேட்பாளருடன் கலந்து பேசக் கூடாது. மற்றபடி எவ்வளவு கோடி வேண்டுமானாலும் வாங்கலாம், செலவழிக்கலாம். தொலைக்காட்சி நகைச்சுவைக்காரரான கோல்பேர் என்ன செய்தார் தெரியுமா? தானே ஒன்றை ஆரம்பித்தார்! 2011 ஜூன் 30 அன்று தேர்தல் ஆணையத்துக்கே நேரில் போய் அனுமதி வாங்கினார். வெளியே காத்திருந்த ரசிகர்களிடம் அங்கேயே கடன் அட்டைகளைத் தேய்த்து நன்கொடை வசூலித்தார். தேர்தல் ஆணையத்தின் முன்னாள் தலைவர் டிரெவர் பாட்டரையே வழக்கறிஞராக உட்கார வைத்து, நன்கொடையாளர் பெயரை மறைப்பது எப்படி என்பதை மேடையிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். 2012 ஜனவரியில் தானே வேட்பாளராகும் திட்டம் வந்தபோது, கலந்து பேசக் கூடாது என்ற விதிக்காக அமைப்பை யாரிடம் ஒப்படைத்தார்? நண்பரும் சக நகைச்சுவைக்காரருமான ஜான் ஸ்டூவர்ட்டிடம்! விதி அவ்வளவு ஓட்டை என்பதை அந்த ஒரு கைகுலுக்கலில் நாடே பார்த்துவிட்டது. வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. மீந்ததை அறக்காரியங்களுக்குக் கொடுத்தார். பின்னால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பெர்க் மையம் ஆராய்ந்தபோது, தேர்தல் பணம் பற்றி மக்களுக்குப் பாடம் புகட்டியதில் செய்தி அலைவரிசைகளைவிட அவருடைய நிகழ்ச்சியே முந்தி நின்றது!

2024 தேர்தலில் எலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் டிரம்ப் தரப்புக்காக இறைத்த பணம் 25 கோடி டாலருக்கும் மேல். மணிக்கு 7.25 டாலர் வாங்கும் தொழிலாளி, வாரம் 40 மணி நேரம், ஒரு நாள் விடுப்பில்லாமல், ஒரு சென்ட் செலவழிக்காமல் அவ்வளவு சேர்க்க எத்தனை வருடம் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16,500 ஆண்டுகளுக்கும் மேல்! இருவருக்கும் ஓட்டு என்னவோ ஆளுக்கு ஒன்றுதான்.

கடைசியாக, நம் வீடுகளில் கோடை விடுமுறையில் 'டிரேட்', 'பிசினஸ்' என்று விளையாடுகிறோமே, பகடை உருட்டி ஊர் வாங்கி வாடகை வசூலிப்பது, அதன் தாய் அமெரிக்க 'மோனோபோலி'. அதை உருவாக்கியது பணக்காரர் ஆகும் ஆசையைத் தூண்டவா? இல்லவே இல்லை! எலிசபெத் மேகி என்ற சுருக்கெழுத்தாளர், பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையில் ஊறியவர். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்பதைக் குழந்தைக்கும் புரியவைக்கத்தான் 'நிலச்சுவான்தார் விளையாட்டு' என்று ஒன்றைச் செய்து 1904-இல் காப்புரிமை பெற்றார். அதை இரண்டு விதமாக ஆடலாம். ஒன்றில் யார் சம்பாதித்தாலும் எல்லாருக்கும் பங்கு. மற்றதில் மற்றவர்களை ஒழித்துக்கட்டுபவனே வெற்றியாளன். வித்தியாசம் ஆடுபவர்களுக்கே உறைக்கட்டும் என்பது அவர் எண்ணம். பெண்ணின் வாரச் சம்பளம் எவ்வளவு அற்பம் என்று காட்ட, தன்னையே ஏலம் விடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நாட்டை அதிரவைத்த பெண்மணி அவர்!

விளையாட்டு கைமாறிக் கைமாறி அட்லாண்டிக் சிட்டியில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் போய், அந்த ஊர்த் தெருப்பெயர்களைச் சூடிக்கொண்டது. அங்கிருந்து சார்லஸ் டாரோ என்பவர் கைக்கு வந்தது. 1935-இல் அவர் அதைத் தன் கண்டுபிடிப்பாகப் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் விற்றுக் கோடீஸ்வரர் ஆனார். ஒழித்துக்கட்டும் விதிமுறை மட்டும் மிஞ்சியது, பங்கு தரும் விதிமுறை காணாமல் போனது. மேகியின் காப்புரிமைக்கு அதே நிறுவனம் கொடுத்தது 500 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1970-களில் 'ஆன்ட்டி மோனோபோலி' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டு, அதற்காக வந்த வழக்கில் ஆதாரம் தேடி அலைந்தபோதுதான் மேகியின் பெயரே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குள் அவர் இறந்து கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

1940-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது மேகி உயிரோடு இருந்தார். உலகமே தெரிந்தோ தெரியாமலோ அவர் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது. படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'விளையாட்டுகள் செய்பவர்' என்று பதிவாயிற்று. வருமானம் என்ற கட்டத்தில்: 0.