வானத்தின் சிவப்பைத் தவறவிடும் கமராக்கள்

நல்ல விலை கொடுத்து வாங்கிய கமராவால் இரவு வானத்தைப் படமெடுத்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் பழக்கமானது. நட்சத்திரங்கள் கூர்மையாகவே பதிகின்றன. ஆனால், இணையத்தில் செக்கச்செவேலெனத் தெரியும் வாயு முகில்கள் தமது படத்தில் மங்கலாகவே தெரிகின்றன. சில வேளைகளில் தெரிவதே இல்லை. இது படமெடுத்தவரின் குறையல்ல. கமராவுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய வடிகட்டியே காரணம்.

நட்சத்திரங்கள் பிறக்கும் நெபுலாக்களில் பெருமளவு இருப்பது ஐதரசன் வாயு. சூடான இளம் நட்சத்திரங்களின் கதிர்கள் படும்போது அது ஒளிர்கிறது. அந்த ஒளியின் முக்கிய பங்கு 656.3 நனோமீற்றர் அலைநீளத்தில், ஆழ்ந்த சிவப்பாக வெளிவருகிறது. இதனை 'ஐதரசன் அல்பா' என்பார்கள்.

கமராவின் உணரிக்கு இந்தச் சிவப்பு நன்றாகவே தெரியும். ஆனால், நமது கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களையும் அது பதிவு செய்யும். அப்படியே விட்டால் பகலில் எடுக்கும் முகங்களின் நிறமும் இலைகளின் நிறமும் மாறிவிடும். அதைத் தடுக்கப் பொருத்தும் வடிகட்டி, ஆழ்ந்த சிவப்பிலும் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது. கலியாண வீட்டுப் படத்துக்கு அது நல்லது, நெபுலாவுக்கு இழப்பு.

இந்த வடிகட்டியை மாற்றி வந்தவைதான் வானியல் கமராக்கள். கனொன் 2005இல் 20டிஏ, 2012இல் 60டிஏ, 2019இல் ஈஓஎஸ் ஆர்ஏ ஆகியவற்றை வெளியிட்டது. நிக்கோனின் டி810ஏ 2015இல் வந்தது. ஆர்ஏ, டி810ஏ இரண்டும் ஐதரசன் அல்பா ஒளியைத் தமது சாதாரண வகைகளை விடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகப் பெறுவதாக நிறுவனங்கள் கூறின. வாங்குவோர் குறைவு என்பதால் இத்தகைய கமராக்கள் எப்போதும் அரிதானவையே. இந்த நான்கையும் இன்று பெரும்பாலும் பாவித்த நிலையில்தான் தேட வேண்டும்.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட நேரம் ஒளியைப் பதிவு செய்யும்போது உணரியின் வெப்பமே படத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சலாக விழுகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் உயர, இந்த வெப்ப மின்னோட்டம் இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் பிரச்சினை தராத கமரா, யாழ்ப்பாணத்தின் புழுக்கமான இரவில் தடுமாறுவது இதனால்தான். தொலைநோக்கியில் பொருத்தும் குளிரூட்டிய கமராக்கள் உணரியைச் சுற்றுப்புறத்தை விட 30 பாகை அளவுக்குக் குளிர்விக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தனி மின்சாரம் வேண்டும். பெரும்பாலானவற்றை இயக்கக் கணினியும் வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? பால்வீதியைப் படமெடுக்க மட்டும் விரும்பினால், கையிலுள்ள கமராவும் உறுதியான முக்காலியும் அகலக்கோண வில்லையும் போதும். ஓரியன் நெபுலாவின் ஒளிமிக்க நடுப்பகுதியும் அதில் பதியும். மங்கலான சிவப்பு நெபுலாக்கள்தான் இலக்கென்றால், பழைய கமராவின் வடிகட்டியை மாற்றுவிப்பது செலவு குறைந்த வழி. உத்தரவாதம் இருந்தால் அது போய்விடும். பகல் படங்களின் நிறத்தையும் திருத்த வேண்டி வரும். ஆகவே ஒரே கமராவில் உழைப்பவர்கள் அதில் கைவைக்காதிருப்பது நல்லது.