குளியலறைக்கு மரச்சட்ட உட்கூரை

கிராமங்களில் வீட்டின் பின்புறம் சுவர் எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகடு போட்ட குளியலறைகள் மிகுதி. நண்பகலில் அவற்றினுள் நிற்க முடிவதில்லை. தகட்டின் இடுக்குகளிலிருந்து பல்லியும் தூசும் விழும். கூரைக்குச் சற்றுக் கீழே மரச்சட்டத்தில் பலகை அடித்து உட்கூரை அமைக்கலாமா என்று நம்மிடம் பலர் கேட்பதுண்டு. பட்டணத்துத் தச்சர்கள் 'பால்ஸ் சீலிங்' என்பது இதுவே. தாராளமாக அமைக்கலாம், ஈரத்தை மறந்து அமைத்தலாகாது.

இதை நாம் பட்டறிந்தே கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் குடியிருந்த வீட்டின் குளியலறையில் சாதாரண ஜிப்சப் பலகையை இரும்பாணியால் அடித்து உட்கூரை போட்டோம். அழகாகவே இருந்தது. ஒரே மழைக்காலத்தில் பலகை ஊறிப் பருத்தது, ஆணிகள் துருவேறின. ஒரு நாள் விடியற்காலையில், எம் பிள்ளை குளித்து வெளியே வந்த சிறிது நேரத்தில், பாதிக் கூரை தரையில் கிடந்தது. தவறு தச்சருடையதன்று, காற்றுப்போக்கிற்கு ஒரு துளையும் வேண்டாமென்று சொன்னவர்கள் நாமே.

முதற்கண், சட்டத்தைக் கல்நார்த் தகட்டிலிருந்து தொங்கவிடலாகாது. அதைத் துளைக்கும்போது எழும் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைவிக்க வல்லது. சட்டத்தின் பாரம் முழுவதையும் சுவரே தாங்க வேண்டும்.

ஐந்தடிக்கு ஆறடி அறையென்று கொள்வோம். மட்டக் குழாயில் நீர் நிரப்பி நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடிடுக. அக்கோட்டில் இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்தைச் சுற்றிலும் முளையும் திருகாணியும் கொண்டு இறுக்குக. ஐந்தடி நீளத்தில், மூன்றுக்கு இரண்டு அங்குலக் குறுக்குச் சட்டங்கள் மூன்றை நிமிர்த்தி, பதினெட்டு அங்குல இடைவெளியில் பொருத்துக. மண் சுவரில் முளை பிடிக்காது. அங்கே மூலைக்கொரு கால் நட்டு, அவற்றின்மேல் சட்டத்தை ஏற்றுவதே பத்திரம்.

மரம் நன்கு உலர்ந்ததாக இருத்தல் அவசியம். பழைய வீடு பிரித்த தேக்கோ, வைரமேறிய பனஞ்சட்டமோ கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இதற்காகப் பனையை வெட்ட முனைய வேண்டாம். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அறுத்த முனைகளுக்கும் சுவரைத் தொடும் பக்கத்திற்கும் சட்டத்தை ஏற்றுமுன்பே வண்ணம் பூச வேண்டும். ஏற்றிய பின் தூரிகை அங்கே எட்டாது.

பலகைக்கு பி.வி.சி. பட்டைகள் இலேசானவை, நீரால் கெடாதவை. கல்நார் கலவாத நார்ச் சிமெண்டுப் பலகையும் ஏற்றது. சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விட்டு, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் முடுக்குக.

வெந்நீர் ஆவி வெளியேற, உட்கூரைக்குக் கீழே சுவரில் ஒரு காற்றுத் துளை வேண்டும். உட்கூரைக்கும் தகட்டிற்கும் இடையே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு துளைகள் விட்டு, எலி நுழையாதபடி கம்பி வலை அடிக்க வேண்டும். மேலே தேங்கும் வெப்பம் அவ்வழியே கழியும். மின்கம்பி சென்றால் குழாய்க்குள்ளேயே செல்லட்டும்.

ஒரு மூலையில் ஒன்றரையடிப் பலகையைக் கழற்றும்படி வைத்துக்கொள்க. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், தை பிறந்தபின் ஒரு முறையும் அதைக் கழற்றி, சட்டத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மரம் அமுங்கினால் அந்தத் துண்டை மட்டும் உடனே மாற்றிவிடலாம்.